எண்ணிக்கை

தேர்தல் தேதி அறிவித்த மறுநாளே
கந்திகுப்பம் ஸ்டேஷனுக்குத் துப்பாக்கிகள் வர ஆரம்பித்துவிடும்.
தோளில் தொங்கி, கோணிக்குள் ஒளிந்து,
டிவிஎஸ் ஐம்பதின் முன்னால் கால் நீட்டிப் படுத்து.
காட்டுப்பன்றிக்கென லைசென்ஸ் வாங்கி
பன்றியை நேரில் பார்த்திராதவை.
ஏடிஎம் வாசலில் நின்று நின்று
துருவேறியவை.
நான் ரைட்டர்.
சீட்டுக் கட்டி, பேர் எழுதி, ரசீது கிழிப்பேன்.

எலத்தகிரி பிலோமினா மட்டும்
சாப்பாடு கொண்டுவருகிறவர் போல வருவார்.
கூழ் ஃபேக்டரியில் லேப் வேலை.
மாம்பழச்சாறு வடிகட்டும் வெள்ளைத் துணியில்
நான்கு பொட்டலம்.

ஒன்றில் பிடி. வால்நட் கட்டை, கைவேர்வை குடித்துக் கறுத்தது.
மற்ற மூன்றும் குழல்கள்.
கீலில் ஓர் ஆணி. தட்டினால் ஒரு குழல் கழலும்,
இன்னொன்று வந்து உட்காரும்.
ஒரு நேரத்தில் ஒரே தோட்டா.
சுட்டதும் மடக்கித் திறந்து
வெறும் கூட்டை விரலால் எடுத்து
அடுத்ததை வைத்து மூட வேண்டும்.
செய்த கம்பெனியை
நான் போலீஸில் சேர்ந்த வருஷமே இழுத்து மூடிவிட்டார்கள்.
ஆணி உடைந்தபோது
ஓசூர் சிப்காட்டில் லேத் வைத்திருக்கும் ருத்ரப்பாவிடம்
மூன்று முறை திருப்பிக் கொடுத்துக் கடைந்து வாங்கினாராம்.

பாதுகாப்புக்குப் போயிருக்கிறேன் ஒருமுறை,
ரைஃபிள் கிளப் போட்டிக்கு.
கைவிட்ட கிரானைட் குவாரி. பச்சைத் தண்ணீர். எதிரே அறுத்த பாறை.
மற்றவர்கள் பத்து சுட்டு முடித்திருந்தார்கள்.
இவர் மூன்று.
நாலாவதை வைத்துவிட்டு
எதிர்ச்சுவரில் ஒரு மைனா எழுந்து போகும்வரை
கையைத் தாழ்த்தியே நின்றார்.
அந்த வருஷம் கோப்பை வாங்கவில்லை.

இந்த முறை புது இன்ஸ்பெக்டர்.
பதிவேட்டில் 'எண்ணிக்கை' என்ற கட்டத்தில்
வழக்கம்போல் ஒன்று போட்டிருந்தேன்.
"குழல் மூணு இருக்கு. மூணு துப்பாக்கி.
ஒருத்தருக்கு ரெண்டுதான் அனுமதி."
பிலோமினா பொட்டலங்களை மேசைமேல் தள்ளித் தள்ளி வைத்தார்.
"பிடி இல்லாம குழல் வெறும் பைப்பு சார்.
குழல் இல்லாம பிடி வெறும் கட்டை.
இப்ப எத்தனைன்னு நீங்களே எண்ணுங்க."
அவர் எண்ணவில்லை.
கலெக்டர் ஆபீஸுக்கு எழுதினார்.

ஓட்டு எண்ணிய அன்று எனக்கு பந்தோபஸ்து.
ஒவ்வொரு சுற்று முடிந்ததும்
மைக்கில் எண்கள், வெளியே வெடி.
பதினேழாம் சுற்றில்
எவனோ போட்ட சரவெடி ஓயவே இல்லை.
எனக்கு அந்த மைனா ஞாபகம் வந்தது.

பதில் வந்தது, பச்சை மையில்:
இரண்டு குழல் வைத்துக்கொள்ளலாம்.
ஒன்றை ஒப்படைக்க வேண்டும்.

எதைக் கொடுப்பார் என்று எனக்குத் தெரியும் என நினைத்தேன்.
மூன்றாவதுக்குத் தோட்டாவே கிடையாது.
அந்த அளவில் செய்வதை உலகத்திலேயே நிறுத்திவிட்டார்கள்.
குன்னூரில் எஸ்டேட் விற்ற ஒரு வீட்டில் வாங்கியது,
வாங்கிய நாள் முதல் ஒரு முறைகூடச் சுட்டதில்லை,
எண்ணெய் மட்டும் போடுகிறார்.

பிலோமினா துணி பிரித்து
மெல்லிய நீளக் குழலைத் தூக்கிக் கொடுத்தார்.
குவாரியில் சுட்டது அதை வைத்துத்தான்.
"மேடம், மாத்திக் குடுக்குறீங்க."
"இல்ல. இது தேடினா இன்னொண்ணு கெடைக்கும்."
"அப்ப போட்டிக்கு?"
"நடுக்குழல் இருக்கு. கை உதறும். பழகிக்குவேன்."

ரசீதில் கையெழுத்துப் போட்டுவிட்டு
மிச்சப் பொட்டலங்களை மடியில் வைத்துக்கொண்டு
பர்கூர் பஸ்ஸுக்கு அவர் காத்திருந்ததை
ஜன்னல் வழியே பார்த்தேன்.

பதிவேட்டுக்குத் திரும்பினேன்.
பொருள்: குழல்.
எண்ணிக்கை: 1.
துப்பாக்கி என்ற கட்டத்தில்
கோடு போட்டேன்.
பிறகு அந்த வெறும் பைப்பைக் கண்ணருகே வைத்துப் பார்த்தேன்.
சுழிந்து சுழிந்து போகிற வரிகளின் கடைசியில்
காசளவுக்கு வெளிச்சம்,
அதில் எதிர்ச்சாரி டீக்கடைக்காரர்
என்னைப் பார்த்துக் கை ஆட்டினார்.